பெட்டியடி முதல் பொக்கிஷம் வரை

பணத்தைக் குறித்து நம்மவர் பேசும் பேச்சு பெரும்பாலும் இரண்டே வகை. பணம் பாவத்தின் வேர் என்பது ஒன்று. பணமே தெய்வம் என்பது மற்றொன்று. பாவம் என்று சொல்பவரும் சம்பள நாளன்று வரிசையில் முந்தி நிற்கிறார். தெய்வம் என்று சொல்பவரும் மாதம் இருபதாம் தேதியானால் அடகுக்கடை வாசலில் தலைகுனிந்து நிற்கிறார். பணம் காலமறிந்து கையாள வேண்டிய ஒரு கருவி. அதைக் கையாளுவதற்கென்று ஒரு கல்வி உண்டு. அக்கல்வியையே தொழிலாகக் கொண்டு மானத்தோடு வாழலாம் என்னும் மூன்றாவது பேச்சு நம் வீடுகளில் எழுவதே இல்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அத்தொழிலில் இருந்தவன் என்ற முறையில், அந்த மூன்றாவது பேச்சை இங்கே பேச விரும்புகிறேன்.

பாங்கிகளிலும் பெரிய கம்பெனிகளிலும் 'டிரெஷரி' என்று ஒரு பகுதி உண்டு. பொக்கிஷம் என்றோ கருவூலம் என்றோ தமிழில் சொல்லலாம். பொக்கிஷம் என்றவுடன் பொன்னும் மணியும் பூட்டி வைத்த அறை நம் கண்முன் வரும். இங்கே பூட்டும் இல்லை, பொன்னும் இல்லை. இன்று கையில் உள்ள ரொக்கம் எவ்வளவு. நாளை, அடுத்த வாரம், அடுத்த மாதம் வர வேண்டியது எவ்வளவு, கொடுக்க வேண்டியது எவ்வளவு. இடையில் விழும் பள்ளத்தை எந்தக் கடனால், எவ்வளவு குறைந்த வட்டியில் நிரப்புவது. மிஞ்சும் பணத்தை எங்கே பத்திரமாக வைப்பது. அந்நியச் செலாவணியும் வட்டியும் ஏறி இறங்கும்போது கம்பெனி கவிழாமல் காப்பது எப்படி - இவையே அப்பகுதியின் வேலை. கணக்கர் நேற்று நடந்ததை எழுதுகிறார். பொக்கிஷ உத்தியோகஸ்தர் நாளை நடக்கப் போவதைப் பார்க்கிறார். இலாபம் காட்டுகிற கம்பெனியும், கொடுக்க வேண்டிய நாளில் கையில் ரொக்கம் இல்லையேல் மஞ்சள் கடுதாசி கொடுக்க நேரும். இவ்வுண்மையை விளங்கிக் கொண்டவர் இத்தொழிலின் முதற் பாடத்தைக் கற்றவராவர்.

நான் அப்பாடத்தைக் கல்லூரியில் கற்கவில்லை. சிரம்பானிலிருந்து குவாலா பிலா செல்லும் சாலையில், புக்கிட் பூத்துஸ் மலைப்பாதைக்கு முன்னால் உள்ளது பாரோய். இன்று அங்கே வீட்டு வரிசைகளும் கடைவீதியும் துவாங்கு அப்துல் ரஹ்மான் ஸ்டேடியமும் இருக்கின்றன. என் சிறு பிராயத்தில் அவ்வட்டாரத்தில் ரப்பர் மரங்கள் நின்றன. லயத்து வீடு ஒன்றில் பிறந்தவன் நான். தந்தையார் பால் வெட்டினார். தாயார் களை எடுத்தார். சம்பளமோ மாதத்துக்கு ஒரு முறை. நடுவில் சிறிது முன்பணம். செலவுக்கு அந்த ஒழுங்கு தெரியாது. பள்ளிக்கூடம் ஜனவரியில் திறக்கும். புத்தகமும் சட்டையும் அன்றே வேண்டும். பிப்ரவரி, மார்ச்சில் மரம் இலை உதிர்க்கும்; பால் குறையும். மழைக்காலத்தில் வெட்டு நின்றுபோகும், வயிறு நிற்காது.

என் தாயார் எழுதப் படிக்க அறியாதவர். ஆயினும் அடுப்பங்கரைப் பலகையில் மூன்று பால்மாவு டின்கள் வைத்திருந்தார். முதல் டின் கடைக்காரருக்கு, இரண்டாவது பள்ளிக்கூடத்துக்கு, மூன்றாவதைத் தொடுவதற்கு எவருக்கும் அனுமதி இல்லை. "அம்மா, அதில்தான் காசு இருக்கிறதே, அடுத்த வீட்டில் ஏன் கைமாற்று வாங்குகிறீர்கள்?" என்று ஒரு நாள் கேட்டேன். "தம்பி, அது மழைக்கு வைத்தது. வெயிலில் எடுத்தால் மழையில் யார் கொடுப்பார்?" என்றார். பல ஆண்டுகளுக்குப் பின் கோலாலம்பூரில் குளிரூட்டிய அறையில் அமர்ந்து, அவசரக் கையிருப்பு என்பது யாது, அதன் அளவை எங்ஙனம் தீர்மானிப்பது என்று ஓர் அறிஞர் இரண்டு மணி நேரம் விரிவுரை செய்தார். அம்மா சொன்னதற்கு மேல் அதில் புதிதாக இருந்தது எண்கள் மட்டுமே.

இத்தொழில் தமிழருக்கு அந்நியமானதென்று எவரும் எண்ண வேண்டா. நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் இலங்கையிலும் பர்மாவிலும் மலாயாவிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இதை நடத்திக் காட்டினார்கள். கிட்டங்கி என்ற நீண்ட கூடத்தில் ஆளுக்கொரு பெட்டியும் சிறு மேசையும் வைத்துக்கொண்டு, சிட்டையும் பேரேடும் எழுதி, குறித்த காலத்தில் ஐந்தொகை போட்டு முதலாளிக்கு அனுப்பினார்கள். தமக்குள் கொடுத்து வாங்கும் பணத்துக்கு 'நடப்பு வட்டி' என்று ஒன்றை வகுத்தார்கள். இரங்கூனில் மாதந்தோறும் கோயிலில் கூடி அந்த வட்டியை நிர்ணயித்தார்கள். குறித்த மாதங்களுக்கு நிற்கும் பணத்துக்குத் 'தவணை வட்டி' வேறு. இன்று உலகப் பாங்கிகள் தம்முள் ஓரிரவுக் கடனுக்கு ஒரு வட்டியும், மூன்று மாதக் கடனுக்கு வேறு வட்டியும் பேசுகின்றனவே, அதன் உருவம் அன்றே அங்கே இருந்தது.

அங்கே உத்தியோக உயர்வுக்கும் ஒழுங்கான படிகள் இருந்தன. இளம் பிராயத்துப் பிள்ளை 'பெட்டியடிப் பையனாக' நுழைவான். கூட்டிப் பெருக்குவான், காசு எண்ணுவான், கடிதம் கொண்டு போவான், மேசை ஓரத்தில் இருந்து கணக்கைக் கவனிப்பான். பின்னர் 'அடுத்தாள்' ஆவான். அதன் பின்னரே ஏஜெண்டாகி, மூன்று ஆண்டுக் கணக்குக்குக் கடல் கடந்து வந்து, முதலாளியின் பணத்துக்குப் பொறுப்பேற்பான். கையில் பணத்தைக் கொடுக்குமுன் கண்ணுக்குக் கணக்கைப் பழக்கினார்கள். இதைவிடச் சிறந்த பயிற்சிமுறை இன்றும் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் அந்தப் பெட்டியின் பக்கத்தில் உட்காரும் உரிமை யாருக்கு இருந்தது? அந்தச் சமூகத்தில் பிறந்த ஆண் பிள்ளைக்கு இருந்தது. பால் வெட்டியவன் மகனுக்கு இல்லை. எவ்வளவு கூரிய புத்தி படைத்தவளாயினும் ஒரு பெண்ணுக்கு இல்லை. தோட்டத்துத் தமிழன் வட்டித் தொழிலை அறிந்ததெல்லாம் வட்டி கொடுப்பவன் என்ற முறையிலேதான். ஒரு கலையைப் பிறப்பின் வேலிக்குள் அடைத்தால், வேலிக்கு வெளியே நிற்பவன் அக்கலையை வெறுக்கக் கற்றுக்கொள்வான். பணத்தைப் பாவம் என்று நம்மவர் சொல்லத் தொடங்கியதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே எண்ணுகிறேன்.

வேலி ஒரே நாளில் விழவில்லை. 1951-ல் தொழிலாளர் சேமநிதிச் சட்டம் வந்தது. மாதந்தோறும் தொழிலாளியும் முதலாளியும் செலுத்தும் சிறு தொகைகள் சேர்ந்து, அந்நிதி இன்று நாட்டின் மிகப் பெரிய முதலீட்டாளர்களுள் ஒன்றாக நிற்கிறது. 1950-களில் அந்நியத் துரைமார்கள் தோட்டங்களை விற்கத் தொடங்க, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு போட்டு விற்றார்கள். லயமும் வேலையும் ஒரே நாளில் போனவர் பல்லாயிரவர். அந்த ஆபத்தை எதிர்த்துத் துன் வீ. தி. சம்பந்தன் 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். 100 வெள்ளிப் பங்கை மாதம் 10 வெள்ளியாகச் செலுத்தலாம் என்று தோட்டந்தோட்டமாகச் சென்று சொன்னார். கெடாவில் உள்ள புக்கிட் சீடிம் சங்கம் வாங்கிய முதல் தோட்டமாயிற்று.

அன்பர்களே, இந்த வரலாற்றை உணர்ச்சியோடு பேசுகிறோம், அது தகும். அதைக் கணக்கோடும் சிறிது பாருங்கள். பத்துப் பத்து வெள்ளியாக மாதந்தோறும் வரும் பணத்தைக் கொண்டு, ஒரே தவணையில் விலை கேட்கும் தோட்டத்தை வாங்குவது எப்படி? விலை கொடுக்கும் நாளில் பணம் கூடியிருக்க வேண்டும். ரப்பர் விலை விழுந்த மாதத்திலும் சம்பளம் போட வேண்டும். ஈவுத் தொகை கேட்பவருக்கும் பதில் சொல்ல வேண்டும். யாரோ ஒருவர் இரவில் விழித்திருந்து இக்கணக்கைப் போட்டிருப்பார். மேடையில் பேசியவருக்கு மாலை விழுந்தது. கணக்குப் போட்டவர் பெயர் தெரியவில்லை. பொக்கிஷத் தொழிலின் இயல்பு அதுவே. ஒழுங்காக நடந்தால் ஒருவரும் அறியார். தவறினால் ஊரே அறியும்.

நம் மக்களின் சேமிப்பு வேறொரு வழியிலும் சென்றது. தோட்டங்களில் 'கூட்டு' கட்டும் வழக்கத்தை அறியாதார் யார்? பத்துப் பேர் மாதம் ஒரு தொகை போட, ஏலத்தில் எடுப்பவர் எடுத்துக்கொள்வார். நம்பிக்கை உள்ளவரை அது ஏழையின் பாங்கி. பணம் பிடிப்பவர் ஒருநாள் இரவோடிரவாக ஊரைவிட்டுப் போனால், பத்து வீட்டு அடுப்பு அணையும். 1971-ல் இந்நாட்டில் கூட்டு நிதித் தடைச் சட்டமே வந்தது; அச்சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலும் நம் 'கூட்டு' என்ற சொல்லே நிற்கிறது. கூட்டில் வசூலிப்பவரும், வைத்திருப்பவரும், கணக்கெழுதுபவரும் ஒருவரே என்பதைக் கவனியுங்கள். இதே குறை பெரிய இடத்திலும் வந்தது; அதைப் பின்னர்ச் சொல்வேன்.

என் உத்தியோகம் ஒரு பாங்கியின் பின்னறையில் தொடங்கியது. முன்னறையில் வியாபாரிகள் தொலைபேசியில் இலட்சங்களையும் கோடிகளையும் பேசி முடிப்பார்கள். பேசியது சரிதானா என்று எதிர்ப் பாங்கியோடு ஒப்புநோக்கி, பணத்தை உரிய நாளில் உரிய கணக்குக்கு அனுப்புவது எங்கள் வேலை. அங்கே முதல் மாதமே மூத்த சிப்பந்தி ஒருவர் ஹெர்ஸ்டாட் பாங்கியின் கதையைச் சொன்னார். 1974 ஜூன் 26-ஆம் தேதி, ஜெர்மனியில் கொலோன் நகரத்து அந்தப் பாங்கியை அரசாங்கம் மூடியது. அதனோடு செலாவணி வியாபாரம் செய்தவர்கள் மார்க்கு நாணயத்தைப் பகலிலேயே கொடுத்துவிட்டார்கள். பதிலுக்கு வர வேண்டிய டாலரோ நியூயார்க்கில் இனிமேல்தான் கொடுபட வேண்டும். சூரியன் ஓர் ஊரில் சாய்ந்து மற்றோர் ஊரில் ஏறும் இடைவெளியில் பணம் மறைந்தது. "கொடுப்பதும் வாங்குவதும் ஒரே கணத்தில் நடக்காத வரை, நீ பயந்தே இரு," என்றார் அவர். அந்த இடைவெளியை அடைப்பதற்கென்றே பல நாட்டுப் பாங்கிகள் சேர்ந்து ஏற்படுத்திய நிலையம் 2002-ல்தான் வேலை தொடங்கியது.

பின்னறையை இழிவாக எண்ணி, முன்னறைக்கு ஓடத் துடிக்கும் வாலிபர்கள் பலர். அவர்களுக்கு 1995-ஆம் ஆண்டைச் சொல்வேன். 1762-ல் இலண்டனில் தோன்றிய பேரிங்ஸ் பாங்கி, சிங்கப்பூரில் இருந்த நிக் லீசன் என்ற ஒரே வாலிபரால் விழுந்தது. நஷ்டம் ஏறக்குறைய 82 கோடியே 70 இலட்சம் பவுன். பேரம் பேசும் அதிகாரமும், பேரத்தைக் கணக்கில் பதியும் அதிகாரமும் அவர் ஒருவர் கையிலேயே இருந்தன. நஷ்டத்தையெல்லாம் 88888 என்ற இலக்கமிட்ட ஒரு கணக்கில் ஒளித்து வைத்தார். கடைசியில் அந்தப் புராதன பாங்கி ஒரு பவுனுக்கு விலைபோயிற்று. தோட்டத்துக் கூட்டுக்காரர் ஓடிய கதைக்கும் இதற்கும் தொகையில்தான் வித்தியாசம். பேசுபவர் ஒருவர், பதிபவர் மற்றொருவர், சரிபார்ப்பவர் வேறொருவர் என்ற ஒழுங்கு, மனிதர்மீது அவநம்பிக்கையால் வந்ததன்று. சபலம் எல்லோருக்கும் உண்டு என்ற அறிவால் வந்தது.

சில ஆண்டுகளில் பாங்கியை விட்டு ஒரு தொழிற்சாலைக் கம்பெனியின் பொக்கிஷப் பகுதிக்குச் சென்றேன். பெயர் வேண்டா. இயந்திரங்கள் வெளிநாட்டிலிருந்து வந்தன. கடன் டாலரில் இருந்தது. டாலரை முன்கூட்டியே விலை பேசி வைக்கும் வாயிதா ஏற்பாடு உண்டு. அதற்குச் சிறு செலவு ஆகும். வெள்ளி இரண்டரைக்கு ஒரு டாலர் என்று பல காலம் அசையாமல் நிற்கும்போது அந்தச் செலவு வீண் என்று மேலிடம் தீர்மானித்தது. 1997 ஜூலை 2-ல் தாய்லாந்து தன் பாட் நாணயத்தைக் கைவிட்டது. அதே மாதத்தில் நம் வெள்ளியும் மிதக்கத் தொடங்கியது. 1998 ஜனவரியில் ஒரு டாலருக்கு 4.88 வெள்ளி வரை போயிற்று. கணக்கு விளங்கும்பொருட்டு, 10 இலட்சம் டாலர் கடன் என்று கொள்ளுங்கள். 25 இலட்சம் வெள்ளியாக இருந்த கடன், ஒரு காசு கூடக் கூடுதலாகக் கடன் வாங்காமலே, 48 இலட்சத்து 80 ஆயிரமாக ஆயிற்று.

அந்த மாதங்களில் நாங்கள் காலையிலும் மாலையிலும் ரொக்கக் கணக்குப் போட்டோம். பதின்மூன்று வாரங்களுக்கு ஓர் அட்டவணை. ஒவ்வொரு வரவுக்கும் ஒரு பெயர், ஒவ்வொரு செலவுக்கும் ஒரு தேதி. ஒருநாள் மேலதிகாரிகள் கூட்டத்தில் ஒருவர் சொன்னார்: "பாங்கிகள் காத்திருக்கமாட்டா. தொழிலாளர் ஒரு வாரம் காத்திருக்கலாம். இம்மாதச் சம்பளத்தைச் சிறிது தள்ளிப் போடுவோம்." அவர் கெட்ட மனிதரல்லர். அட்டவணையில் சம்பளம் ஒரு வரி. தள்ளினால் பள்ளம் நிரம்பும். அவ்வளவே அவர் கண்டது.

நானோ அந்த வரிக்குப் பின்னால் மூன்று டின்களைக் கண்டேன். கூட்டத்தில் டின்னைப் பற்றிப் பேசினால் எடுபடாது என்பதையும் அறிவேன். ஆகையால் கணக்கையே பேசினேன். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, சம்பள காலம் முடிந்து ஏழாம் நாளுக்குள் கூலி கொடுபட வேண்டும், தவறினால் குற்றம். பதினான்கு சரக்கு வியாபாரிகளின் பட்டியலை எடுத்து வைத்தேன். அவர்களுள் ஐவருக்கு நம்மை விட்டால் வேறு பெரிய வாடிக்கை இல்லை. கேட்டால் முப்பது நாள் தருவார்கள். நமக்குப் பணம் தர வேண்டியவர் இருவர். சிறு கழிவு கொடுத்தால் முன்கூட்டியே செலுத்துவார்கள். பாங்கிக்கு மறைக்காமல் முழு அட்டவணையையும் காட்டினால், அசலைத் தள்ளி வட்டியை மட்டும் வாங்கச் சம்மதிக்கலாம். இப்படி ஒவ்வொரு படியாகச் சொன்னேன். இரண்டு மணி நேரம் ஆயிற்று. அம்மாதம் ஆறாம் தேதியே சம்பளம் போடப்பட்டது. தொழிற்சாலைத் தளத்தில் இருந்தவர் ஒருவருக்கும் இது தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

1998 செப்டம்பரில் அரசாங்கம் செலாவணிக் கட்டுப்பாடு விதித்து, டாலருக்கு 3.80 வெள்ளி என்று நிலைநிறுத்தியது. 2005 ஜூலை 21 வரை அது நின்றது. அது நல்ல வழியா அல்லவா என்பதை அறிஞர்கள் இன்னும் வாதிக்கிறார்கள். எனக்கு அவ்வாண்டு தந்த பாடம் வேறு. ஒரு நிறுவனத்தில் பணம் குறையும்போது, முதலில் யார் காத்திருக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் மேசை ஒன்று உண்டு. லயத்தில் வளர்ந்தவர் ஒருவரும் அம்மேசையில் இல்லையென்றால், காத்திருப்பவர் எப்போதும் லயத்தவராகவே இருப்பார். ஒருவரேனும் இருந்து, அழாமல் கணக்கோடு பேசக் கற்றிருந்தால், வரிசை மாறக் கூடும். நம் பிள்ளைகள் இத்தொழிலுக்கு வர வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

வருவது எப்படி? பெட்டியடிக்கு இன்று ஜாதி கேட்பாரில்லை, பரீட்சை கேட்பார்கள். கணக்கியலிலோ பொருளியலிலோ நிதியியலிலோ ஒரு பட்டம் வேண்டும். பாங்கியில் வியாபார மேசைக்குச் செல்ல விரும்புவோருக்கு இந்நாட்டு நிதிச் சந்தைச் சங்கத்தாரின் தகுதிப் பரீட்சை உண்டு. கம்பெனிப் பொக்கிஷத்துக்கு வருவோர்க்கு, 1979-ல் தோன்றி 2013-ல் அரச சாசனம் பெற்ற பிரிட்டிஷ் பொக்கிஷதாரர் சங்கத்தின் பரீட்சைகளும், அமெரிக்கச் சங்கத்தாரின் தகுதிப் பட்டமும் உலகெங்கும் மதிப்புப் பெற்றவை. வேலை பார்த்துக்கொண்டே எழுதலாம். முதல் மூன்று ஆண்டுகளைப் பின்னறையில் கழியுங்கள். பணம் எப்படி நகர்கிறது என்று கண்டவனே, எங்கே சிக்கும் என்றும் அறிவான். அதன் பின் ரொக்க நிர்வாகம், கடன் ஏற்பாடு, செலாவணிக் காப்பு என்று ஒவ்வொன்றாக ஏறலாம்.

கணிதத்தில் மேதையாக இருக்க வேண்டுமோ என்று பெற்றோர் கேட்கிறார்கள். கூட்டலும் கழித்தலும் சதவீதமும் பிழையின்றி வந்தால் தொடங்கப் போதும். மிஞ்சியதை இயந்திரம் செய்யும். இயந்திரத்தால் ஆகாதவை சில உண்டு. கெட்ட செய்தியை மேலதிகாரியிடம் அன்றே சொல்லும் தைரியம் ஒன்று. பிறர் பணத்தின் இரகசியத்தைக் காக்கும் வாய் ஒன்று. மலாயிலும் ஆங்கிலத்திலும் தெளிவாக ஒரு கடிதம் எழுதும் திறமை ஒன்று. சொன்ன நாளில் சொன்னபடி செய்யும் பழக்கம் எல்லாவற்றிலும் பெரிது. இத்தொழிலில் விற்கப்படும் சரக்கே அதுதான்.

பெண் பிள்ளைகளின் பெற்றோருக்குத் தனியாக ஒரு வார்த்தை. வீட்டின் வரவு செலவை அவள் கையில் ஒப்படைக்கிறீர்கள். ஒரு பாங்கியின் வரவு செலவு அவளுக்கு ஆகாது என்கிறீர்கள். இதில் நியாயம் எங்கே? நான் பணியாற்றிய இடங்களில் ரொக்க அட்டவணையை மிக நேர்மையாக எழுதியவர்கள் பெண்களே. இல்லாததை இருப்பதாக எழுதினால் அடுப்பு எரியாது என்பதை அவர்கள் வீட்டிலேயே கற்றிருந்தார்கள்.

பாரோயில் மரங்கள் போய்விட்டன, லயங்களும் போய்விட்டன. அங்கே வளரும் பிள்ளைகள் தட்டுக்குப் பதில் தொலைபேசி ஏந்துகிறார்கள். ஆயினும் மாதம் இருபதாம் தேதி இன்னும் வருகிறது. அடகுக்கடையும் இன்னும் திறந்திருக்கிறது. உங்கள் வீட்டுப் பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது ஆகியிருந்தால், இம்மாதம் முதல் குடும்பத்தின் வரவு செலவை எழுதும் பொறுப்பை அவனிடமோ அவளிடமோ கொடுங்கள். எந்தத் தேதியில் எவ்வளவு வரும், எந்தத் தேதியில் எவ்வளவு போகும் என்று ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதட்டும். அந்த நோட்டு அவர்களை ஒருநாள் பொக்கிஷத்தில் கொண்டு சேர்க்கலாம், சேர்க்காமலும் போகலாம். வீட்டில் பணம் எந்த நாளில் குறைகிறது என்று அறிந்த பிள்ளை, அதை நிரப்பும் வழியையும் தானே தேடும்.